ஆன்சர் ஊரில் யாரும் கதவைத் தட்டுவதில்லை

படுக்கையறைச் சுவரில் மூன்று தட்டு கேட்டது. தர்சா பிசைந்துகொண்டிருந்த மாவை விட்டுவிட்டு, பக்கத்தில் கிடந்த கட்டையால் மேசை விளிம்பில் இரண்டு தட்டினாள். மூன்று என்றால் ‘வா’. இரண்டு என்றால் ‘வருகிறேன்’. ஐந்து வாரமாகப் புருஷனுக்கும் பெண்சாதிக்கும் நடுவில் இருந்த பாஷை இவ்வளவுதான்; இதற்கு மேல் பேச அவனுக்குக் குரல் இல்லை, அவளுக்குத் தெம்பு இல்லை. கையைத் துடைக்கத் துணியைத் தேடிக்கொண்டிருக்கும்போதே சுவர் மறுபடியும் தட்டியது. இந்தத் தடவை இரண்டு.

வருகிறேன் என்று சொல்ல வேண்டியவள் அவள். அவன் எங்கே வரப் போகிறான்?

“படுத்த படுக்கையில கெடந்துக்கிட்டு உனக்குக் கேலி வேறயா?” என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனாள். ஜேபஸ் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். மூச்சு இழுத்து இழுத்துப் போய்க்கொண்டிருந்தது. அவன் தட்டுகிற கம்பு அலமாரி ஓரம் சாத்தியிருந்தது. காலையில் விரிப்பை மாற்றும்போது அவளேதான் அங்கே வைத்தாள். அவன் கைக்கு எட்டாத தூரம். அவள் கம்பைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். குளிருக்குப் பலகை சுருங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். ஐந்து வாரமாகச் சரியாகத் தூங்காதவளுக்கு எந்தக் காரணம் அதிக வேலை வைக்காதோ அதுதான் சரியான காரணம். கம்பை அவன் கைப்பக்கம் வைத்துவிட்டுத் திரும்பி வந்து மாவைப் பிசைந்தாள்.

ஜேபஸுக்கு வயது நாற்பத்தெட்டு. இங்கிலாந்தில் கார்ன்வாலின் வெள்ளீயச் சுரங்கத்தில் பாதி ஆயுள், கலிபோர்னியாவின் தங்கச் சுரங்கத்தில் மீதி ஆயுள். கல்தூசி நெஞ்சில் இறங்கி உட்கார்ந்துவிட்டது. முதலில் வேலை போனது, பிறகு நடை போனது, கார்த்திகைக் குளிருக்குக் குரலும் போய்விட்டது. வாயருகே காதைக் கொண்டுபோனால் காற்றாக ஏதோ வரும். கூப்பிடுவதற்கு ஒரு கைமணி வாங்கி வைத்தாள். “மணி ஆட்டுக்குக் கட்டுறது” என்று காற்றாலேயே ஊதினான். பூமிக்கு அடியில் ஆயுளைக் கழித்தவனுக்குத் தட்டுவதுதான் வந்தது. மூன்று தட்டுவான், இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி விழும், மூச்சு வாங்குவதற்கு. அந்த இடைவெளி அவளுக்கு அவன் முகத்தைப் போலவே பழக்கம்.

அன்று செவ்வாய்க்கிழமை. காலையில்தான் ஆலை நின்றிருந்தது. வாய்க்கால் தண்ணீர் உறைந்துபோனதால் சக்கரம் சுற்றவில்லை. சக்கரம் சுற்றாததால் கல்லிடிக்கும் ஆலையின் பத்து இரும்பு உலக்கைகளும் தூக்கின இடத்திலேயே நின்றுவிட்டன. தர்சா இந்த ஊருக்கு வந்து இரண்டு வருடம். அந்த இரண்டு வருடத்தில் உலக்கைச் சத்தம் ஒரு நாழிகைகூட நின்றதில்லை. பகல், ராத்திரி, கர்த்தருடைய நாள் எதுவும் அதற்குக் கிடையாது. தட்டில் கரண்டி ஆடும், ஜன்னல் கண்ணாடி முனகும், பல்லுக்குள் அதிரும். முதல் மாதம் தூங்க முடியாமல் அழுதாள். இப்போது அது நின்றதும் மூடுபனி இறங்கின ஊரில் எல்லாச் சத்தமும் தனித்தனியாகக் கேட்க ஆரம்பித்தது. அடுப்பில் கரி உடைவது, கூரையோரப் பனிக்கட்டி சொட்டுவது, சுவருக்குள் எலி நகம், சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு மனுஷன் மூச்சுக்குத் திண்டாடுவது.

இன்னொன்றும் கேட்டது. ஊரே ஆர்ப்பாட்டம் பண்ணிக்கொண்டிருந்தது. கீழ்த்தெருவில் ஒரு வீட்டில் ஆர்மோனியம் வைத்துச் சங்கீதம் பாடினார்கள். முடிந்ததும் மூச்சு விடாமல் அடுத்தது. எதிர்வீட்டுக்காரன் ஏற்கெனவே பிளந்து அடுக்கிய விறகையே எடுத்துப் போட்டு மறுபடி பிளந்தான். பிளந்த கையோடு பாட்டு வேறு. ஆலை நின்ற சந்தோஷம்போல, விடுமுறையல்லவா என்று தர்சா நினைத்தாள்.

சந்தோஷப்படுகிற முகம் ஒன்றுகூடத் தெருவில் இல்லை என்பது அவளுக்குப் பிறகுதான் உறைத்தது.

புதன்கிழமை முழுக்கத் தட்டல். மூன்று. அவள் இரண்டு. மூன்று. அவள் இரண்டு. பாத்திரம் கழுவுகையில் கரண்டிக் காம்பால், துணி பிழிகையில் வாளி விளிம்பில், கை தானாகப் பதில் சொல்லிவிட்டுத்தான் புத்தி விழிக்கும். பாதித் தடவை உள்ளே போனால் அவன் உண்மையாகவே கூப்பிட்டிருப்பான். தண்ணீர், தலையணை, கோழை துப்பும் சட்டி. மீதித் தடவை அவன் தூங்கிக்கொண்டிருப்பான். அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று, தனக்குத்தான் புத்தி பேதலிக்கிறது என்று முடிவு கட்டி, திரும்பி வருவாள். சாயங்காலம் ஒரு தடவை கவனித்தாள். தட்டல் சுவரிலிருந்து வரவில்லை, தரையிலிருந்து வந்தது.

விளக்கை ஏற்றிக்கொண்டு போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். கம்பளிக்கு மேலே அவனுடைய இரண்டு கைகளும் இருந்தன, விரல் விரித்தபடி. அவள் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டிலுக்கு அடியில் மூன்று தட்டு விழுந்தது.

கைகள் அசையவில்லை.

ஜேபஸ் கண்ணைத் திறந்தான். அவள் குனிந்து காதைக் கொடுத்தாள்.

“எத்தனை பேரு?” என்றான்.

“எந்த எத்தனை பேரு?”

“கீழ மாட்டிக்கிட்டவங்க.” இளைத்தான். “கம்பை எடு.”

“வேணாம் ஜேபஸ். ஒண்ணும் இல்ல, எலி.”

“எலி எண்ணித் தட்டுமாடி?” அவன் கண்ணில் பல வாரமாக இல்லாத வெளிச்சம் இருந்தது. “பதில் குடுத்தாத்தான் தாக்குப் பிடிப்பாங்க. ரெண்டு தடவை நான் உள்ள கெடந்திருக்கேன். மேல எவனாவது தட்டுறான்னு கேட்டாப் போதும், செத்தவன்கூட எழுந்து உக்காருவான்.”

அவள் மறுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் அவனை அப்படி உயிரோடு பார்த்து எத்தனை நாளாயிற்று! கம்பை எடுத்துக் கொடுத்தாள். அவன் தரையில் இரண்டு தட்டினான். அடியிலிருந்து உடனே இரண்டு வந்தது. ஜேபஸ் சிரித்தான். இரவு முழுக்க அவன் தட்டிக்கொண்டிருந்தான், அவள் நாற்காலியில் உட்கார்ந்து விழித்துக்கொண்டிருந்தாள். விடியும்போது தட்டல் வெகு கீழே இல்லை. பலகைக்கு ஒரு முழம் அடியில் இருந்தது.

காலையில் கெசியா வீட்டு வாசலில் போய் நின்றாள். கெசியா சுரங்க ஆட்களுக்குச் சாப்பாடு போட்டுத் தங்க இடம் கொடுப்பவள், ஐம்பது வயது, ஊர் வம்பெல்லாம் அவள் சமையலறையில்தான் வேகும். ஊருக்கு வந்த புதிதில் தர்சா அந்தக் கதவைத் தட்டியிருக்கிறாள். கெசியா வெளுத்த முகத்தோடு திறந்து, “இந்த ஊர்ல கதவைத் தட்டுற வழக்கம் கிடையாது கண்ணு. வாசல்ல நின்னு பேரைச் சொல்லிக் கூப்பிடணும்” என்றாள். தர்சா அதை ஏதோ மரியாதை என்று எடுத்துக்கொண்டாள். அதனால் இப்போதும் வாசலில் நின்றே கூப்பிட்டாள்.

“கெசியாக்கா!”

கெசியா கையில் ஒரு சட்டியும் கரண்டியுமாக வந்தாள். சமையல் ஒன்றும் நடக்கவில்லை, சும்மா தட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

“எங்க வீட்டுக்கு அடியில யாரோ தட்டுறாங்கக்கா.”

கெசியா சட்டியைக் கீழே வைத்தாள். “பதில் குடுத்தியா?”

“மூணு நாளா.”

“அடிப்பாவி.”

உள்ளே இழுத்து உட்காரவைத்தாள். இருவர் முன்னாலும் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. “இந்த ஊருக்கு எப்படி ஆன்சர்னு பேர் வந்துச்சு, சொல்லு பாப்போம்” என்றாள்.

அது தெரியாதவர்கள் யார்? சுற்றுப்பட்டில் உள்ள தங்க ஊர்களுக்கெல்லாம் வாய்க்கு வந்த பெயர். ஒரு கோவேறு கழுதை செத்த இடம் ஓர் ஊர், ஒருத்தன் சட்டையைச் சூதில் விட்ட இடம் ஓர் ஊர். இவர்களுடையது மட்டும் கௌரவமான பெயர், ஆன்சர், பதில். ஒவ்வொரு ஜூலை நாலாம் தேதியும், சுதந்திர தினத்தன்று, ஆலையின் மேஸ்திரி கேப்டன் ஒட்ஜர்ஸ் பீப்பாய் மேல் ஏறி நின்று சொல்வார். முதல் வருடம் ஒரு பொட்டுத் தங்கமும் இல்லை, ஆட்கள் மூட்டை கட்டிவிட்டார்கள். கிளம்புகிற காலையில் ஒருத்தன் கோபத்தில் சுத்தியலால் பாறையில் மூன்று அடி அடித்தான். பாறைக்குள்ளிருந்து மூன்று அடி திரும்பி வந்தது. கார்ன்வால்காரனுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? பாறைக்குள் குடியிருக்கிற குள்ளர்கள் தட்டுகிறார்கள். அவர்கள் தட்டுகிற இடத்தில் தாது இருக்கும். மலை நமக்குப் பதில் சொல்லிவிட்டது என்று தொப்பியைத் தூக்கிப் போட்டார்கள். ஐந்து நாள் தட்டிப் பதில் வாங்கிக் குடித்துக் கொண்டாடினார்கள். பெயர்ப்பலகையும் எழுதினார்கள்.

“அவ்வளவும் நெசம்” என்றாள் கெசியா. “எனக்கு அப்ப பன்னெண்டு வயசு. குள்ளருக்குப் பங்கு வெக்கணும்ல? ரொட்டி ஓரத்தைப் பிச்சு, பாறை இடுக்குல தெனம் நான்தான் வெச்சேன். மறுநாள் போனா அப்படியே இருக்கும். எங்கப்பா சொன்னாரு, குள்ளனுக்குக் கெத்து ஜாஸ்தி, வெண்ணெய் தடவி வையின்னு. வெண்ணெய் தடவி வெச்சேன்.”

“அப்புறம்?”

“ஆறாம் நாள் சத்தம் நின்னுபோச்சு. ஒம்பதாம் நாள் தோண்டி உள்ள போனாங்க. குள்ளர் இல்ல. சொனோராவுலேருந்து வந்த மெக்சிகோக்காரங்க நாலு பேரு. முந்தின மாசம் இங்கேருந்து நம்மாளுங்க அடிச்சுத் தொரத்தின அதே ஆளுங்க. போகலை. மலைக்கு அந்தப் பக்கத்திலேருந்து தோண்டிக்கிட்டிருந்திருக்காங்க, சரிஞ்சு மூடிக்கிச்சு.” கெசியா தன் கை விரல்களைப் பார்த்துக்கொண்டு பேசினாள். “ஒருத்தனுக்கும் நகமே இல்லியாம். நாங்க தட்டத் தட்ட, இதோ வர்றாங்கன்னு நெனச்சிருப்பாங்க இல்ல? அஞ்சு நாள். அவங்களுக்குப் பின்னாடியே தாது பளபளன்னு ஓடுச்சு. மறுபடி மூடிட்டாங்க. பத்தடி தள்ளித் தோண்டித் தங்கத்தை எடுத்தாங்க. பலகையில பேரு காஞ்சுபோச்சு, அப்படியே இருக்கட்டும்னு விட்டாங்க.”

“அது எங்க இருக்கு?”

“உன் கட்டிலுக்குக் கீழ.”

தர்சாவுக்குக் கோபம்கூட வரவில்லை. அவ்வளவு அசதி. “நானும் ஜேபஸும் இங்க வந்து படுத்துக்கிறோம்க்கா. ஒரே ஒரு ராத்திரி.”

“வேணாம்மா.” கெசியாவின் கண் கலங்கியது, ஆனால் தலை ஆடிக்கொண்டே இருந்தது. “பதில் குடுத்த ஆளைத் தேடித்தான் வருவாங்க. எங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துராத. வாய்க்கால்ல ஐஸ் ஒடைச்சுக்கிட்டிருக்காங்க, மத்தியானத்துக்குள்ள ஆலை ஓடிரும். அதுவரைக்கும் எது தட்டினாலும் பதில் குடுக்காத. அவ்வளவுதான். அரை நாள்.”

அரை நாள். தர்சா அந்த வார்த்தையைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். மூடுபனியில் எதிர்வீட்டுக் கோடாலிச் சத்தம் மட்டும் கேட்டது.

ஜேபஸ் பக்கவாட்டில் சரிந்து படுத்து, கம்பால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தான். அவள் கம்பைப் பிடித்தாள். அவன் விடவில்லை. ஐந்து வாரமாகத் தானாக எழுந்து உட்கார முடியாதவனுக்கு எங்கிருந்துதான் அந்தப் பிடி வந்ததோ!

“குடுத்துடு ஜேபஸ். அவங்க செத்துப்போனவங்க.”

“தட்டுறான்ல?” என்று ஊதினான்.

“முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னாடி செத்துப்போனவங்க. மத்தியானம் வரைக்கும் சும்மா இரு. உனக்குப் புண்ணியமாப் போகும்.”

“தட்டுறவனுக்குப் பதில் குடுக்காம...” இருமல் வந்துவிட்டது. அந்த நேரத்தில் கம்பைப் பிடுங்கிக்கொண்டாள். அவன் அவளைப் பார்த்த பார்வையில் திட்டு இல்லை, பயம் இருந்தது. அவனை அப்படிப் பயந்து அவள் பார்த்ததில்லை. தண்ணீர் கொடுத்தாள், கம்பளியை இழுத்துவிட்டாள், நெற்றியில் முத்தம் வைத்தாள். “இதோ, அடுப்புக்குக் கரி போட்டுட்டு வந்துடறேன். கதவு தொறந்தே இருக்கும்” என்றாள்.

கரி போட்டாள். அடுப்புப் பக்கத்து நாற்காலியில் ஒரு நிமிஷம் உட்கார்ந்தாள். மூன்று நாளாகப் பிடித்துவைத்திருந்த தூக்கம் அணை உடைத்துக்கொண்டு வந்தது.

தூக்கத்தின் அடியில் தட்டல் கேட்டது. மூன்று. இந்தத் தடவை மரத்தின் சத்தமில்லை. மெதுவாக, மொத்தென்று, எலும்பின் சத்தம். அவள் கை எழுந்தது. வேண்டாம், பதில் கொடுக்கக் கூடாது. மடியைத் தடவிப் பார்த்தாள். கம்பு மடியில் இருந்தது. கம்பு என்னிடம் இருக்கிறது, அப்படியானால் தட்டுவது அவனில்லை. அந்தக் கணக்கு அவ்வளவு தெளிவாக இருந்தது; நிம்மதியாகக் கூட இருந்தது. மறுபடி மூன்று. அவள் தோளில் கிடந்த சால்வைத் துணியால் காதைச் சுற்றிக்கொண்டாள். மூன்று, மூன்று, மூன்று, வேகமாக. பிறகு நிதானமாக. தட்டு, தட்டு, நடுவில் ஒரு சின்ன இடைவெளி, தட்டு. அந்த இடைவெளியை அவளுக்குத் தெரியும். எங்கேயோ கேட்டிருக்கிறாள். தூங்கிக்கொண்டே யோசித்தாள், யாருடையது என்று.

பிறகு ஒன்று. ஒன்று மட்டும்.

பிறகு, பக்கத்தில், மிகவும் பக்கத்தில், யாரோ இரண்டு தட்டினார்கள்.

வருகிறேன்.

தர்சா எழுந்து நின்றாள். கம்பு உருண்டு விழுந்தது. காதிலிருந்து துணியை இழுத்தாள். வீட்டில் சத்தமே இல்லை. அடுப்பு அணைந்திருந்தது. மூச்சு இழுக்கிற சத்தமும் இல்லை.

“ஜேபஸ்?”

கதவு திறந்துதான் இருந்தது. நாலு எட்டு. ஈர மண் வாசனை. கட்டில். தலையணையில் தலை வைத்த பள்ளம். கம்பளி, கழுத்துவரை இழுத்துவிட்டபடி, அடியில் யாரும் இல்லாமல்.

சுவரில் அவன் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு சின்ன வட்டம், ஈரமாக, சிவப்பாக. விரல் முட்டியின் தோல் ஒட்டிக்கொண்டிருந்தது.

அவன்தான். அவ்வளவு நேரமும் அவன்தான்.

கட்டிலைத் தள்ளினாள். பலகைகள் அடித்தது அடித்தபடி இருந்தன, ஆணித் தலைகளில் பழைய துரு. ஜன்னல் உள்பக்கம் பூட்டியிருந்தது. அவள் மண்டி போட்டாள். அடியில் மூன்று தட்டு. தட்டு, தட்டு, இடைவெளி, தட்டு.

அடுப்புக் கம்பியைக் கொண்டுவந்து பலகையைப் பெயர்த்தாள். இரண்டாவது பலகை. மூன்றாவது. கீழே களிமண். இறுகி, பனி பூத்து, கல்லாகக் கிடந்தது. ஒரு விரல் நுழைந்த அடையாளம்கூட அதில் இல்லை. அதற்கும் அடியிலிருந்துதான் அவன் தட்டினான்.

“யாராவது வாங்களேன்! ஜேபஸ் கீழ இருக்கான்! உயிரோட இருக்கான்!”

ஜன்னலுக்கு வெளியே மூடுபனியில் ஆட்கள் நின்றார்கள். எதிர்வீட்டுக்காரன் கையில் கோடாலியோடு நின்றான். வேலிக்கு அந்தப் பக்கம் கெசியா. “தர்சா! வெளிய வந்துடு தர்சா!” பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டாள். வாசலைத் தாண்டி ஒருவரும் வரவில்லை. அவள் கரி அள்ளும் தகட்டால் கொத்தினாள். தகடு மடங்கியது. கையால் பறித்தாள். நகம் ஒன்று போனது. மூன்று தட்டு. “வர்றேன், வர்றேன்டா, வர்றேன்.”

அப்போது ஆலை ஓட ஆரம்பித்தது.

முதலில் ஓர் உலக்கை. பிறகு ஐந்து. பிறகு பத்தும். சமையலறையில் கரண்டிகள் ஆடின, ஜன்னல் கண்ணாடி முனகியது. வெளியே நின்றவர்களின் தோள்கள் தளர்வதை அவள் பார்த்தாள். எதிர்வீட்டுக்காரன் கோடாலியைச் சாத்தி வைத்தான். ஒருவர் பின் ஒருவராக வீட்டுக்குப் போனார்கள். கெசியா கடைசியாகப் போனாள். தர்சா களிமண்ணில் காதை வைத்தாள். உலக்கைகள் மட்டுமே கேட்டன. மறு காதை வைத்தாள். ஒன்றுமே கேட்கவில்லை.

உள்ளங்கையை மண்ணில் பதித்தாள்.

அதிர்ந்தது. ஆலையின் அதிர்வு இல்லை. தட்டு, தட்டு, இடைவெளி, தட்டு, வலது உள்ளங்கைக்கு நேர் கீழே.

பிறகு இடது உள்ளங்கைக்குக் கீழே. பிறகு இரண்டு முழங்காலுக்கும் கீழே. பிறகு சற்றுத் தள்ளி அவளுடைய பாதத்தின் அடியில். ஐந்து இடத்தில், ஒன்றாக, அவசரமே இல்லாமல்.